தங்கச் சங்கிலி, வெள்ளிக் கொலுசு: வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சி ஒருவர், தை மாதம் நடக்கப்போகும் மகள் கல்யாணத்துக்கு நகை சேர்த்துக்கொண்டிருக்கிறார். முன்பு அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருந்த ஒருவர், ஏறக்குறைய 3 பவுன் சங்கிலியும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் கடை விலையைவிடக் குறைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தியாவில் வாங்கியதாம். சங்கிலியில் 916 முத்திரை இருக்கிறது. அது போதுமா, வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா என்று கேட்கிறார்.

முத்திரை போதாது. வீட்டில் சோதிக்க வழி உண்டு. தங்கத்துக்கு நல்ல வழியே உண்டு, வெள்ளிக்குப் பாதி வழிதான் உண்டு. என் அப்பா இதே பட்டணத்தில் பத்தர் (பொற்கொல்லர்) பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பலகையில் உட்கார்ந்து ராவிய தூளைக் கூட்டி அள்ளிய காலத்திலிருந்து இந்த வேலைதான் எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த 916. 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்றால் ஆயிரத்துக்கு 916 வரும், அதுதான் 22 காரட். 750 என்றால் 18 காரட், 375 என்றால் 9 காரட். இந்த எண்ணை நகையில் பதிக்கத் தேவைப்படுவது ஓர் எஃகு உளியும் ஒரு சுத்தியலும்தான். இரவுச் சந்தையில் 'பேங்காக் தங்கம்', 'கொரியா தங்கம்' என்று விற்கும் கவரிங் நகைகளிலும் அழகாக 916 குத்தியிருப்பார்கள். கவரிங் என்று சொல்லிக் கவரிங் விலைக்கு விற்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. அதே சங்கிலி நான்கு கை மாறி, யாரோ ஒரு அம்மாவின் அவசரத் தேவைக்கு வந்த 'பாட்டி நகை' ஆகும்போதுதான் குடும்பங்கள் அழுகின்றன.

முத்திரையில் வேறு எழுத்துகளும் இருக்கலாம், கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஜிபி (GP) என்று இருந்தால் முலாம். ஜிஎஃப் (GF) என்று இருந்தால் மேலே தங்கத் தகடு போர்த்தியது. மஞ்சளாக இருக்கும் நகையில் 925 என்று இருந்தால் அது தங்க முலாம் பூசிய வெள்ளி. கடைசியாகச் சொன்னதில் பலர் ஏமாந்து நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் 925 என்பது 916-ஐவிடப் பெரிய எண்ணாகத் தெரிகிறது.

இந்தியாவில் வாங்கியது என்றால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: எந்த ஆண்டு வாங்கியது? அங்கே 2021 ஜூன் முதல் ஹால்மார்க், அதாவது சோதனை மையம் சுத்தத்தைப் பார்த்துப் பதிக்கும் முத்திரை, படிப்படியாகக் கட்டாயம் ஆக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இடம் கொண்ட எச்யூஐடி (HUID) குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக்கூடாது. அந்த ஆறையும் 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் அடித்துப் பார்த்தால் எந்தக் கடை, எந்தச் சோதனை மையம், என்ன வகை நகை, எத்தனை சுத்தம் என்று காட்டும். கையில் இருப்பது சங்கிலி, செயலி காட்டுவது மோதிரம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2019-இல் வாங்கியது என்கிறார், ரசீதும் இல்லை என்றால் இந்த வழி உதவாது. நகையையே கேட்கவேண்டியதுதான்.

நகை தேயும் இடத்தில் பேசும். சங்கிலியில் வளையமும் வளையமும் உராயும் உட்பக்கம், கொக்கி மாட்டும் வாய், மோதிரத்தின் அடிப்பாகம், வளையலின் ஓரம். முலாம் முதலில் போவது அங்கேதான். பகல் வெளிச்சத்தில், வாசலில் நின்று பாருங்கள். செம்புச் சிவப்போ, வெளிறிய சாம்பல் நிறமோ தெரிந்தால் கதை முடிந்தது. தெரியாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. புதிதாகப் பூசியிருக்கலாம்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது, உண்மைதான். பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. கள்ள நகையில் பெரும்பாலானது இவைதான். இன்னொரு பக்கம், நல்ல சங்கிலியின் கொக்கிக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங் ஒட்டும், அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. கடித்துப் பார்ப்பது, புளி போட்டுத் தேய்ப்பது, வினிகரில் போடுவது எல்லாம் நேரக்கேடு.

இப்போது நான் நம்பும் வழிக்கு வருகிறேன்.

மலிவாகக் கிடைக்கும் உலோகம் எதற்கும் தங்கத்தின் கனம் கிடையாது. ஒரு கன சென்டிமீட்டர் சுத்தத் தங்கம் 19.3 கிராம். 22 காரட் ஏறக்குறைய 17.7. ஈயம் கனமானது என்கிறோம், அது 11.3தான். வெள்ளி 10.5, செம்பு 9, பித்தளை எட்டரை. தங்கத்துக்கு ஈடாக நிற்பது டங்ஸ்டன் மட்டும். அதைக் கட்டிகளுக்குள் ஒளித்து வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள், ஆனால் அது இழுத்து வளைத்துச் சங்கிலி பின்ன எளிதில் வசப்படாத முரட்டு உலோகம். அதனால் கெட்டியான சங்கிலியோ வளையலோ எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று தெரிந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதைக் காட்டுவது தண்ணீர்.

ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், 0.01 கிராம் வரை காட்டவேண்டும். கைக்குள் அடங்கும், சில பத்து ரிங்கிட்தான். இந்தத் தராசுகளில் சில 200 கிராமுக்கு மேல் தாங்காது, அதனால் கண்ணாடி டம்ளர் வேண்டாம், லேசான பிளாஸ்டிக் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். நகையை முதலில் காயவைத்து எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். 24.30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய தூண்டில் நரம்பில் சங்கிலியைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுக்க மூழ்கவேண்டும், அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. வளையங்களுக்கு நடுவில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும், இரண்டு மூன்று தடவை மெதுவாக ஆட்டி விடுங்கள். கை அசையாமல் பிடித்தபடி தராசைப் பாருங்கள். 1.37 என்று நின்றால், சங்கிலி அடைக்கும் இடம் 1.37 கன சென்டிமீட்டர். 24.30-ஐ 1.37-ஆல் வகுங்கள்: 17.7. அது 22 காரட்டின் கனம். 17.4-க்கும் 18-க்கும் இடையில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம், ஏனென்றால் சேர்த்த செம்பு, வெள்ளி அளவைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், கை நடுக்கமும் உண்டு. தராசு 1.60 காட்டினால் 15.2 வருகிறது, அது 18 காரட் பக்கம். 2.80 காட்டினால் 8.7, அது பித்தளை. அதன்மேல் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் பித்தளைதான்.

மூன்று தடவை செய்யுங்கள். மூன்றும் ஒத்துப்போகவேண்டும்.

இந்தச் சோதனை எங்கே தோற்கும் என்பதையும் சொல்லவேண்டும். 3 கிராம் மோதிரத்துக்குத் தண்ணீர் காட்டும் எண் 0.17தான். கடைசி இலக்கம் ஒன்று தவறினால் விடை 16.7-க்கும் 18.8-க்கும் இடையில் எங்கேயும் விழும். சின்ன நகைக்கு இது ஆகாது. கல் பதித்ததுக்கு ஆகாது. உள்ளே கூடாக இருக்கும் சங்கிலி நல்ல தங்கமாக இருந்தும் காற்றை அடைத்துக்கொண்டு குறைவாகக் காட்டும். தாலிக் குண்டும் அப்படித்தான், மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கு நிரப்பியது அது. (தாலிக் குண்டு வாங்கும்போது அரக்கின் எடையைக் கழித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு அரக்கைத் தங்க விலைக்கு வாங்கியவர்கள் நிறைய.) ஆகவே எண் சரியாக வந்தால் நகை நல்லது. குறைவாக வந்தால் உடனே கள்ளம் என்று சொல்லிவிடாதீர்கள், பத்தரிடம் கொண்டுபோங்கள்.

பத்தர் என்ன செய்வார்? அப்பாவின் உரைகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அளவு, கன்னங்கரேல் என்று, நடுவில் கொஞ்சம் குழிந்துபோனது. எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு நகையை ஒரு விரல் நீளத்துக்கு இழுப்பார். பக்கத்தில், சுத்தம் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிறகு கண்ணாடிக் குச்சியால் திராவகம் ஒரு சொட்டு. பித்தளைக் கோடு பொங்கிப் பச்சையாகி மறைந்துவிடும், 22 காரட் கோடு அசையாமல் கிடக்கும். பழைய ஆட்கள் 'மாற்று' என்று சொல்வது இந்தக் கோட்டின் நிறத்தில் தெரியும் சுத்தத்தைத்தான். ஆனால் கல்லில் தேய்வது மேல்தோல். முலாம் கெட்டியாக இருந்தால் முலாமின் கோடுதான் விழும். அதனால் நல்ல பத்தர் தேய்க்கும் முன் மறைவான இடத்தில் அரத்தால் ஒரு இழை ராவிக்கொள்வார். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவேண்டும். "ராவக்கூடாது, நகை கெட்டுவிடும்" என்று பிடிவாதம் பிடித்தால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். திராவகம் வீட்டில் வைக்கும் பொருள் இல்லை. இணையத்தில் பெட்டியாக விற்கிறார்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

இப்போது பெரிய கடைகளில் எக்ஸ்ரே கதிர் இயந்திரம் இருக்கிறது. நகையை உள்ளே வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தங்கம் இத்தனை, செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று திரையில் வந்துவிடும். நல்ல கருவிதான், ஆனால் அதன் கண் ஆழமாகப் போகாது. தங்கத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பார்க்கும். ஒரே இடத்தில் வைத்து எடுத்த தாளை நம்பாதீர்கள். கொக்கியில் ஒன்று, நடு வளையத்தில் ஒன்று, பற்று வைத்து ஒட்டிய இடத்தில் ஒன்று என்று எடுக்கச் சொல்லுங்கள். பற்று வைத்த இடத்தில் எண் கொஞ்சம் இறங்கும். பொடி வைத்து ஊதி ஒட்டும்போது அந்தப் பொடியில் தங்கம் குறைவு, அது தொழிலின் இயல்பு. பல தடவை பழுது பார்த்த பழைய சங்கிலியை உருக்கினால் 916 முழுதாக வராததற்குக் காரணமும் இதுதான். விலை பேசும்போது அதை மனதில் வையுங்கள்.

இயந்திரம் பார்க்காத உள்ளே தண்ணீர் பார்க்கிறது, தண்ணீர் தடுமாறும் சின்ன நகையை இயந்திரம் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு சங்கிலி தப்பிக்க இடமே இல்லை. அடகுக் கடைக்காரர்களும் அர்-ரஹ்னு (இஸ்லாமிய முறை அடகு) நடத்துபவர்களும் கடன் கொடுக்கும் முன் சோதித்துத்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பணம் அவர்களுடையது. விற்பவரே அங்கே நகையைக் கொண்டுபோய் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அடகு வைக்கவேண்டியதில்லை, அவர்கள் சொல்லும் பதிலே உங்களுக்குப் போதும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என் கண்முன் நடந்த ஒன்று இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு அக்கா, ஒரு துண்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து சோதிக்கச் சொன்னார். மண் தோண்டும்போது கட்டி கிடைத்ததாம், விற்பவர் அதில் ஒரு ஓரத்தை வெட்டிக் கொடுத்தாராம். கல்லில் இழுத்தேன், சுத்தமான தங்கம். அப்படியே சொன்னேன். அந்த அக்கா அன்று மாலையே சேமிப்பை எல்லாம் எடுத்துக் கட்டியை வாங்கிவிட்டார். மறுநாள் கட்டியைக் கொண்டுவந்தார். கையில் வாங்கிய உடனே தெரிந்தது, அந்த அளவுக்கு அந்தக் கனம் போதாது. பித்தளை. முதல் நாள் வந்த துண்டு அந்தக் கட்டியைச் சேர்ந்ததே இல்லை. "முழுக் கட்டியும் என் கண்முன் வந்தால்தான் பேசுவேன்" என்று நான் அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதனால் இப்போது யாரிடமும் முதலில் சொல்வது இது: சோதித்த பொருளும் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருளும் ஒன்றாக இருக்கவேண்டும். சோதித்து முடித்த நிமிடத்திலிருந்து பணம் கொடுக்கும்வரை அது உங்கள் பார்வையை விட்டு அகலக்கூடாது. "உள்ளே போய்ப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன்" என்றால், பெட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெள்ளிக்கு வருவோம். நம் ஊரில் காசையும் வெள்ளி என்கிறோம், உலோகத்தையும் வெள்ளி என்கிறோம், அதனால் இங்கே பணத்தை ரிங்கிட் என்றே எழுதுகிறேன். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இங்கே ஓடிய நீரிணைக் குடியேற்ற டாலர் உண்மையிலேயே வெள்ளிக் காசு. எட்வர்ட் மன்னர் தலை போட்ட 1903 காசு 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1907 முதல் வந்தது சிறியது, 20.2 கிராம். பாட்டி பெட்டியில் இருந்தது என்று இவற்றை விற்க வருகிறவர்கள் உண்டு, போலியும் ஏராளம். தராசில் போட்டாலே பாதி போலிகள் விழுந்துவிடும். தண்ணீரில் 1903 காசு 2.6 காட்டவேண்டும்.

கொலுசுக்கு இது அவ்வளவு கைகொடுக்காது. 925 வெள்ளியின் கனம் 10.4-க்குக் கொஞ்சம் குறைவு, 80 சதவீத வெள்ளியின் கனம் 10.1. இந்த வித்தியாசத்தை வீட்டுத் தராசில் பிரித்துச் சொல்லமுடியாது. முத்தும் சலங்கையும் வைத்த கொலுசு காற்றை வேறு அடைத்துக்கொள்ளும். ஈயம் வெள்ளியைவிடக் கனம் என்பதால் கலப்படம் செய்பவர் கணக்கைச் சரிக்கட்டவும் முடியும். தங்கத்தைப்போல் வெள்ளி தண்ணீரில் தன்னை முழுதாகக் காட்டிக்கொடுக்காது. ஜெர்மன் சில்வரை மட்டும் பிடித்துவிடலாம். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். வெள்ளி ஒரு துளி கிடையாது. அதன் கனம் எட்டரைக்குக் கொஞ்சம் மேல், அதனால் 60 கிராம் சாதாரண வளையக் கொலுசு தண்ணீரில் 5.8 காட்டவேண்டிய இடத்தில் 7-ஐ நெருங்கும்.

வெள்ளியைப் பத்தரிடம்தான் காட்டவேண்டும். அவரிடம் சிவப்புத் திராவகம் இருக்கும். ராவிய இடத்தில் ஒரு சொட்டு விட்டால் நல்ல வெள்ளி இரத்தச் சிவப்பாகும், சுத்தம் குறையக் குறைய நிறம் மங்கி அழுக்காகும். ஐஸ் கட்டி வைத்தால் வெள்ளி சீக்கிரம் உருக்கும் என்பார்கள். உருக்கும்தான், செம்பும் ஏறக்குறைய அதே வேகத்தில் உருக்கும். வெள்ளிக் குத்துவிளக்கு, சாமி சிலை வாங்குகிறீர்கள் என்றால் அடிப்பாகத்தைத் தட்டிக் கேளுங்கள், உள்ளே அரக்கோ மெழுகோ நிரப்பியிருப்பார்கள். வெள்ளியின் எடை தனியாக எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கறுத்துப்போன கொலுசைக் கள்ளம் என்று ஒதுக்கவேண்டாம். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் பட்டால் நல்ல வெள்ளிதான் கறுக்கும். நம் தோட்டத்து வீடுகளில் இன்னொரு பழக்கம், கொலுசு ஜோடியை ரப்பர் வளையத்தால் சுற்றி வைப்பது. கித்தா பாலைப் பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து எடுத்தால் வளையம் பட்ட இடத்தில் கோடு போட்டதுபோல் கறுப்பாக இருக்கும். பல அம்மாக்கள் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தேய்த்தால் போய்விடும்.

அப்புறம் விலை. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒவ்வொரு வேலை நாளும் கிஜாங் எமாஸ் நாணயத்தின் விலையை வெளியிடுகிறது. அது 2001-இல் வந்த நம் நாட்டுத் தங்க நாணயம், 999.9 சுத்தம். ஓர் அவுன்ஸ் விலையை 31.1-ஆல் வகுத்தால் ஒரு கிராம் சுத்தத் தங்கத்தின் விலை, அதை 0.916-ஆல் பெருக்கினால் உங்கள் சங்கிலியின் உலோக மதிப்பு. பழைய நகைக்கு இதற்குமேல் செய்கூலி, சேதாரம் கொடுக்கத் தேவையில்லை. கேட்கும் விலை இதைவிட மிகவும் கீழே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். தங்கம் வைத்திருப்பவருக்கு அடகுக் கடை எந்த நேரமும் திறந்திருக்கிறது. அதைவிட்டு உங்களிடம் பாதி விலைக்கு ஏன் வருகிறார்? திருட்டு நகையைத் தெரிந்து வாங்கினால் குற்றவியல் சட்டம் 411-ஆவது பிரிவின் கீழ் வாங்கியவரும் குற்றவாளி. பழைய ரசீதைக் கேளுங்கள், ஐசி (அடையாள அட்டை) நகல் வாங்குங்கள், தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்குங்கள்.

கடையில் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. ரசீதில் எடை, சுத்தம், கிராம் விலை, கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கவேண்டும். பிறகு கள்ளம் என்று தெரிந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் கேட்கவேண்டும், வழக்கறிஞர் வேண்டாம். லயத்துக்காரர் வியாபாரி இல்லை என்பதால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. அதனால்தான் வாங்கும் முன்பே எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறேன்.

ஆகவே தங்கச்சி, முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு காலை நேரத்தில் அவரைச் சங்கிலியோடும் கொலுசோடும் வீட்டுக்கு வரச்சொல்லி, அவர் முன்னாலேயே தண்ணீரில் பாருங்கள். எண் சரியாக வந்தால் இருவரும் சேர்ந்தே பட்டணத்துக்குப் போய் ஒரு பத்தரிடமோ அடகுக் கடையிலோ காட்டுங்கள். இங்கே இயந்திரம் கிடைக்காவிட்டால் ஈப்போ அரை மணி நேரம்தான், லிட்டில் இந்தியாவில் நகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சங்கிலியை அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டு பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள். கொலுசைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், ரப்பர் வளையம் வேண்டாம்.